வாசலண்ணனின் கோடை உடுப்பு

அந்த ஓட்டலுக்கு வந்துபோன விருந்தாளிகள் யாரும் பட்டனக்காவைப் பார்த்ததில்லை. சமையற்கட்டுக்கும் கீழே, கொதிகலன் அறைக்கு அடுத்தாற்போல், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறையில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். அதற்கு உடுப்பறை என்று பெயர். நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களின் சீருடைகளும் அவள் பொறுப்பு. பட்டன் அறுந்தாலும், தையல் பிரிந்தாலும், ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டாலும் எல்லோரும் படியிறங்கி அவளிடம்தான் வரவேண்டும். அப்படி வந்த பெயர்தான் பட்டனக்கா. தன்னைவிட மூத்தவர்களும் அக்கா என்று கூப்பிட்டதில் ஆரம்பத்தில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது.

குளிர் தொடங்கும்போது ஒரு முறை, வெயில் தொடங்கும்போது ஒரு முறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை உடுப்பு மாற்றம். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. பழையதைக் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்துக்கானதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கு ஒன்றரை மாதம் இடுப்பு ஒடியும். கம்பளியை அழுக்கோடு மடித்து உள்ளே வைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பூச்சி கம்பளிக்காக வருவதில்லை, அதில் ஒட்டியிருக்கும் வேர்வைக்கும் குழம்புக் கறைக்கும்தான் வருகிறது, வந்த இடத்தில் கம்பளியையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகிறது என்பாள். அதனால் முதலில் காலர், அக்குள், கைமுனை என்று வேர்வை படும் இடமெல்லாம் துடைத்தெடுப்பாள். பைகளை வெளியே இழுத்து உதறுவாள். பின்கட்டு நடையில், வெயில் படாத காற்றில், மூன்று நாள் தொங்கவிடுவாள். மேலிருந்து கீழாக மட்டுமே பிரஷ் போடுவாள். பின்னல் ஸ்வெட்டர்களைத் தொங்கவிடவே மாட்டாள். தொங்கினால் தோள் இறங்கிவிடும், பிறகு எந்த மகராசன் வந்தாலும் நிமிர்த்த முடியாது. கோட்டுகளுக்கு அகலமான மர ஹேங்கர், அதன்மேல் பழைய படுக்கை விரிப்பில் தைத்த உறை. பிளாஸ்டிக் உறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்துருண்டையைத் துணியில் நேராகப் படாமல் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி மூலைக்கொன்றாக வைப்பாள். அந்த ஒன்றரை மாதமும் அவள் கூந்தலிலும் சோற்றிலும்கூட அந்துருண்டை வாசம் வரும் என்று புருஷன் சொல்லுவான்.

மாற்றத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் உடுப்பைப் போட்டுக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவள் இஞ்சுடேப்போடு நிற்பாள். ஆறு மாதம் என்பது மனித உடம்புக்குக் கொஞ்ச காலம் இல்லை. யாருக்குத் தொப்பை இறங்குகிறது, யார் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு சுற்றில் தெரிந்துவிடும். வரவேற்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம் என்பது அவள் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் பட்டனக்காவுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். பக்கத்தில் இரண்டு தையல் விட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். “டேப்புக்குக் கண்ணுதான் இருக்கு, வாய் இல்ல” என்பாள். அதனால்தான் அவளிடம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

வாசலண்ணன் அந்த ஓட்டலின் கண்ணாடிக் கதவருகே இருபத்திரண்டு வருஷம் நின்றவர். ஆறடி இரண்டு அங்குலம். அவருடைய குளிர்காலக் கோட்டுதான் உடுப்பறையிலேயே பெரிய உருப்படி. கருநீலக் கம்பளி, முழங்காலுக்குக் கீழே இறங்கும், இரண்டு வரிசையில் பதினாறு பித்தளைப் பட்டன். தூக்கினால் கைக்குழந்தை கனம். அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், அறை வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போக நினைத்தவர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று பழைய மேனேஜர் சொல்லுவார்.

பட்டனக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வழி தெரியாமல் பெரிய வாசல் வழியாகவே உள்ளே நுழையப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. கதவைத் திறந்து, ஒரு விருந்தாளிக்குச் செய்வதுபோல் தலை குனிந்து உள்ளே விட்டுவிட்டு, பிறகு பின்னாலேயே வந்து, “நாளையிலேர்ந்து பின்பக்கமா வா தங்கச்சி, இல்லன்னா ரெண்டு பேரையும் தொரத்திடுவாங்க” என்றார். அன்றைக்குத் தொடங்கிய அண்ணன் தங்கை உறவு. அவர் மனைவி அவளுக்கு அண்ணி. அவர் மகள் பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். ஓட்டலுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. கூப்பிட்ட நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டியவர் என்பதால் கொடுத்த வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு.

அந்த வருஷம் குளிர்கால மாற்றத்துக்கு அவர் எல்லோரும் வந்துபோன பிறகு கடைசி ஆளாக வந்தார். கோட்டை எடுத்துக் கொடுத்தாள். மாட்டினார். பட்டனக்கா கண்ணாடியில் பார்த்தாள். கோட்டு நின்றது, உள்ளே ஆள் இல்லை. டேப்பைச் சுற்றினாள். மார்பில் நாலு அங்குலம் குறைந்திருந்தது. தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவை சுற்றினாள்.

“எத்தனை?” என்று கேட்டார்.

“நாலு.”

அவர் உட்கார்ந்தார். வயிற்றில் ஒரு கட்டி என்று இரண்டு மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன் பிறகும் ஆறு மாதம் நிற்க முடியாது. நிற்க முடியாதவனை வாசலில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மகள் பள்ளிக் கடைசி வருஷத்தில் இருந்தாள். கோடை தொடங்கிச் சில வாரங்களில் பொதுத்தேர்வு. வகுப்பில் முதல் மாணவி. பள்ளிக்கூடம் குடியிருப்பிலிருந்து பத்து நிமிஷ நடை. இந்த நேரத்தில் வீடு மாறினால் பெண்ணின் படிப்பு என்னவாகும் என்பதுதான் அவர் கவலை. பரீட்சை முடிந்த மறுநாள் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றார். அண்ணிக்கு விஷயம் தெரியும், மகளுக்குத் தெரியாது.

பட்டனக்கா அவரைத் திட்டினாள். உடம்பைவிடப் பரீட்சை பெரிதா என்றாள். திட்டி முடித்துவிட்டுக் கோட்டை வாங்கி மேஜைமேல் போட்டாள். உள்துணியைப் பிரித்து, தோளிலும் மார்பிலும் முதுகிலும் பஞ்சு வைத்து, அடுக்கடுக்காகத் தைத்தாள். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அவர் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது பழைய வாசலண்ணன் திரும்பி வந்திருந்தார். அளவுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே போன வருஷத்து எண்ணையே எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய்க்கணக்கு அது. அதை எழுதியதில் அவளுக்கு வருத்தமில்லை. உண்மையில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

குளிர்காலம் முழுவதும் அந்தக் கோட்டு அவரைக் காப்பாற்றியது. கன்னம் ஒட்டியதைக் குளிர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் இரண்டு தடவை இன்னும் கொஞ்சம் பஞ்சு சேர்த்தாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்த மாட்டார், யாரையும் நீங்க என்றுதான் சொல்லுவார். அவர் வந்ததும் ஓட்டலின் ஒவ்வொரு வேலையையும் வெளியாட்களிடம் கொடுத்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினார்கள். தோட்டம் முதலில் போயிற்று, அப்புறம் சலவை. அடுத்தது உடுப்பறை என்று பேச்சு அடிபட்டது. சீருடைகளை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்து, தைத்து, பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் அவள் உறைகளைத் தொட்டுப் பார்த்து, இதெல்லாம் வீட்டிலேயே தைத்ததா என்று சிரித்தான். அவள் புருஷன் அச்சகத்தில் மிஷினில் கை கொடுத்து மூன்று விரல் போய் ஐந்து வருஷமாக வீட்டில் இருந்தான். அவள் வேலைதான் குடும்பம்.

வெயில் வந்தது. கோடை மாற்றத்துக்கு நாள் குறித்து அறிவிப்பு ஒட்டினார்கள். வாசல்காரருக்குக் கோடையில் வெள்ளைப் பருத்தி அரைக்கைக் கோட்டு, உடம்பை ஒட்டித் தைத்தது. பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையணைக்குக் கழுத்து முளைத்ததுபோல் இருந்தது. வைக்காமல் பார்த்தாள். காலருக்கு மேலே அவர் கழுத்து ஒரு குச்சியாக நின்றது. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது வாரம். அவர்தான் யோசனை சொன்னார்: கோடை உடுப்பு தயாராகவில்லை என்று எழுதி வை, அதுவரை நான் இந்தக் கோட்டிலேயே நிற்கிறேன். வெயிலில் இந்தக் கம்பளியிலா என்று அவள் கேட்டாள். கதவுக்குப் பக்கத்தில் உள்ளேயிருந்து ஏசி காற்று வரும், பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ‘தையலில்’ என்று எழுதினாள். வெள்ளைக் கோட்டை உறை போட்டு அலமாரியின் கடைசியில் தள்ளினாள்.

முதல் வாரம் மேகம் இருந்தது. இரண்டாம் வாரம் வெயில் கொளுத்தியது. ஓட்டல் முழுக்க வெள்ளைக்கும் பருத்திக்கும் மாறியிருக்க, வாசலில் மட்டும் ஒருவர் கருநீலக் கம்பளியில் நின்றார். விருந்தாளிகள் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் கேலி செய்தார்கள். வாசலண்ணனுக்குப் பட்டனைப் பிரிய மனசில்லை என்றார்கள். பட்டனக்கா மத்தியானம் ஒரு தடவை நீர்மோரை எடுத்துக்கொண்டு வாசல்பக்கம் போய்வருவாள். அவர் குடித்துவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டே பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். போதும் அண்ணே, போய்ச் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் அவள் சொன்னாள். “ஏழு வாரம்தான் தங்கச்சி. குளிரையே தாங்கினவனுக்கு வெயில் என்ன?” என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஒரு காரின் கதவைத் திறந்தபடியே அவர் விழுந்தார். இறங்க வந்த அம்மாள் அலறிவிட்டாள். கோட்டின் பட்டன்களைக் கழற்றத் தெரியாமல் இரண்டு பேர் திணறினார்கள் என்றும், கழற்றியபோது உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு ஆள் இருந்தார் என்றும் பிற்பாடு சமையற்கட்டில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோட்டை ஒரு பையில் சுருட்டி, சுத்தம் செய்யச் சொல்லி, உடுப்பறைக்கு அனுப்பினார்கள்.

அது வேர்வையில் நனைந்து கல்லாய்க் கனத்தது. அவள் கதவைச் சாத்தினாள். முதலில் அழுதாள். பிறகு கத்திரியை எடுத்தாள். உள்துணியைப் பிரித்து, ஈரப் பஞ்சு முழுவதையும் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டு, பழைய தையல் துளைகளிலேயே ஊசியை விட்டுத் திரும்பத் தைத்தாள். அண்ணனை மறைப்பதற்காகச் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டு செய்தாள். மறைக்க இனி அண்ணனிடம் ஒன்றும் இல்லை என்பதும், ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் பாதித் தையலில் புத்தியில் உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. கோட்டு முடிந்ததும் புத்தகத்தை எடுத்தாள். ‘தையலில்’ என்பதை அழித்துவிட்டு, ‘தயார், பெற்றுக்கொள்ளவில்லை’ என்று எழுதி, பதினைந்து நாள் முந்திய தேதியைப் போட்டாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். டாக்டர் பேசியதாகச் சொன்னார். பெரிய வியாதி, முன்பே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. ரொம்பப் பாவம் என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“மாற்றம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அவர் மட்டும் ஏன் கம்பளிக் கோட்டுல நின்னார்னு ஓனர் கேக்குறார். உடுப்பு ரெடியாகலன்னா அது உடுப்பறையோட தப்பு. ரெடியா இருந்து அவர் வாங்கலன்னா அது அவர் தப்பு. எது?”

புத்தகம் அவள் மடியில் இருந்தது. திறந்து காட்டினாள்.

“ரெடியாதான் சார் இருந்துச்சு. அவர் வரல.”

மேனேஜர் தேதியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். குறித்துக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, மனசு கேட்காதவர்போல் மெதுவாகச் சொன்னார்: “நீண்ட நாள் சீக்குல விழுந்தவங்களுக்கு மூணு மாசம் வீட்டுல இருக்க விடலாம்னு ரூல்ல இருக்கு. கொடுத்துடலாம்னுதான் பார்த்தேன். ஆனா இது உத்தரவை மீறினதுன்னு ஆயிடுச்சே. அப்படின்னா பத்து நாள்தான்.”

மூன்று மாதம். பரீட்சை ஏழு வாரத்தில். அப்படி ஒரு விதி இருப்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பஞ்சில் ஒளித்துவைத்த விஷயத்தைக் கோடை பிறந்த அன்றைக்கு வெளியே சொல்லியிருந்தால், அவர் வீட்டிலேயே படுத்திருக்கலாம், பெண் அங்கிருந்தே நடந்துபோய்ப் பரீட்சை எழுதியிருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டாள். அப்போதும் நேரம் இருந்தது. ‘இல்ல சார், நான் மாத்தி எழுதிட்டேன்’ என்று ஒரு வார்த்தை. கம்பெனிக்காரனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வீட்டில் மூன்று விரல் இல்லாமல் உட்கார்ந்திருப்பவன் ஞாபகம் வந்தான். மேனேஜர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் பார்த்தார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டலிலிருந்து ஒருவரை அனுப்பி அவரிடமும் கேட்டார்கள். கோடை உடுப்பு ஏன் வாங்கவில்லை என்று. தங்கச்சி என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. மறந்துவிட்டேன், நான்தான் போய் வாங்கவில்லை, அவள்மேல் தப்பில்லை என்றார். இரண்டு வாக்குமூலமும் அச்சடித்தாற்போல் ஒத்துப்போயின. பத்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் காகிதம் தயாராயிற்று.

அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் திட்டுவான், காறித் துப்புவான், அப்படியாவது கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தாள். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நீ செஞ்சதுல என்ன தப்பு? அவர் வேலை எப்படியும் போகத்தான் போகுது. உன்னுதும் சேர்ந்து போகணுமா?” என்றான். அதற்கப்புறம் பல மாதம் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டதையே அவன் வாய்விட்டுச் சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

பத்தாம் நாள் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து அவர் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பட்டனக்கா உதவிக்குப் போனாள். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துணிகளை மட்டும் மடித்துக் கொடுங்கள் என்றாள். எந்த வீட்டிலும் துணியை மடிப்பதுதானே அவளுக்குத் தெரிந்த வேலை. அண்ணியின் சேலைகள், பெண்ணின் பள்ளிச் சீருடை, அவருடைய நாலு சட்டை. சட்டைகளின் கழுத்தளவு அவர் இனி எந்தக் காலத்திலும் நிரப்ப முடியாத அளவு. அவற்றையும் மடித்து வைத்தாள்.

அண்ணியின் தம்பி வீடு நகரத்தின் மறுகோடியில். பெண் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்தாள். மாமன் வீட்டில் ஒரே கூடம், நாலு பிள்ளைகள், எந்நேரமும் டிவி. தேர்ச்சி பெற்றாள். ஆனால் அவள் விரும்பிய டாக்டர் படிப்புக்கு அந்த மதிப்பெண் எட்டவில்லை. ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஓட்டல் புது வாசல்காரரை எடுத்தது. அவர் அவ்வளவு உயரமில்லை. கோட்டின் கீழ்மடிப்பை மூன்று அங்குலம் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினாள். உடுப்பறையை வெளியாட்களிடம் கொடுக்கும் பேச்சு அந்த வருஷம் நின்றுபோயிற்று. புத்தகம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் பிரிவு ஓட்டலிலேயே இதுதான் என்று மேனேஜர் ஓனருக்கு எழுதினாராம். அந்தக் கடிதத்தின் நகலை அவளிடம் காட்டினார். அவள் நன்றி சார் என்றாள்.

கோடையில் இரண்டு தடவை அவள் அண்ணனைப் பார்க்க அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போனாள். முதல் தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை விழித்திருந்தார். அவள் சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தாள். உட்கார்ந்ததும் அவரே பேச்சை எடுத்தார். புத்தகத்தில் ‘தையலில்’ என்று எழுதியிருந்தாயே, உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டார். இல்லை அண்ணே என்றாள். நல்லவேளை, நான் பாட்டுக்கு மறந்துட்டேன்னு சொல்லிட்டேன், உனக்குக் கெட்ட பேர் வந்துடுமோன்னு அதே நினைப்பு என்றார். கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

குளிர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் போய்ச் சேர்ந்தார். பட்டனக்காவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கு உடுப்பு மாற்ற வேலை உச்சத்தில் இருந்தது. அரை நாள் லீவு கேட்டுப் போனாள். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கூடத்தில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அண்ணி சமையற்கட்டில் இருந்தாள். மகள் வந்து தண்ணீர் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். உயரத்தில் அப்பாவைக் கொண்டிருந்தாள். கேட்டாள்.

“அத்தை, அப்பாவோட கோடை உடுப்பு நிஜமாவே ரெடியா இருந்துச்சா?”

பெண் தொடர்ந்து சொன்னாள்: அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை, உடுப்பு விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்று உங்களுக்கே தெரியும், என் பரீட்சைக்காக வியாதியை மறைத்தார் என்று அம்மா சொல்கிறாள், அது புரிகிறது, ஆனால் தயாராக இருந்த உடுப்பை வாங்காமல் வெயிலில் கம்பளியில் நின்றார் என்பதுதான் புரியவில்லை, அவருக்குக் கடைசியில் புத்தியும் பிசகிவிட்டதா என்று தோன்றுகிறது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. வேலை போகும் பயம்கூட இல்லை. கேட்பவள் மேனேஜர் இல்லை, பதினெட்டு வயதுப் பெண். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் அந்தக் கணத்திலிருந்து தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பது பட்டனக்காவின் கண்முன் வந்து நின்றது. மேனேஜர் முன்னால் சொன்னதற்குக் குடும்பம் என்று ஒரு சாக்காவது இருந்தது.

“இருந்துச்சும்மா,” என்றாள்.

பெண் தலையை ஆட்டினாள். “அப்பாவும் அதையேதான் சொன்னார்,” என்றாள். எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பட்டனக்கா செருப்பை மாட்டும்போது அண்ணி வெளியே வந்தாள். கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருமுனைவரை கூடவே நடந்தாள். அங்கே வந்த பிறகுதான் பேசினாள்.

“கோட்டுல பஞ்சு வச்சதுலேர்ந்து எல்லாம் எனக்குத் தெரியும். ‘தையலில்’னு நீங்க எழுதினதும் தெரியும். ஓட்டல்லேர்ந்து வந்த காகிதத்துல ‘தயார்’னு இருந்துச்சு. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. அவருக்குக் காட்டல. தங்கச்சின்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்னு விட்டேன். உங்க பொழப்பு உங்களுக்கு. அத நான் குத்தமா சொல்ல மாட்டேன். ஆனா இவ அப்பனைக் கிறுக்கன்னு நினைக்கிறா. இவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

நான் உள்ளே போய்ச் சொல்கிறேன் அண்ணி என்று பட்டனக்கா திரும்பி நடக்கப் பார்த்தாள். அண்ணி வழியை விடவில்லை. இனிமேல் அதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றாள். சத்தம் போடவில்லை. பஸ் வருகிறது பாருங்கள் என்று கையைக் காட்டினாள்.

ஏறி உட்கார்ந்தாள். அரை நாள் லீவு முடிய ஒரு மணி நேரம் இருந்தது. நாற்பது பேருக்கு இன்னும் அளவெடுக்க வேண்டும்.